திரும்பி வராத பணம் - பிரிட்டனின் சி.ஆர்.சி. திட்டம்

புவி வெப்பமடைதல் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது புகை கக்கும் தொழிற்சாலைகள்தான். ஆனால் இரவெல்லாம் விளக்கெரியும் வங்கி அலுவலகம், குளிர்சாதனப் பெட்டிகள் வரிசையாக ஓடும் சூப்பர் மார்க்கெட், மருத்துவமனை, பல்கலைக்கழகம் ஆகியவையும் மின்சாரத்தை விழுங்குகின்றன. இவற்றை வழிக்குக் கொண்டுவர பிரிட்டன் அரசு செய்த முயற்சியின் கதை இது.

பிரிட்டன் 2002-லேயே விரும்பியவர்கள் சேரும் உமிழ்வு வணிகத் திட்டத்தைத் தொடங்கியது. 2005-ல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்டம் மின் நிலையங்களையும் பெரிய ஆலைகளையும் கட்டுப்படுத்தியது. இடையில் விடுபட்டவை அலுவலகங்களும் கடைகளும். இவற்றின் மொத்தச் செலவில் மின்கட்டணம் சிறு பங்குதான் என்பதால் நிர்வாகிகள் அதைக் கண்டுகொள்வதில்லை. அந்த அலட்சியத்தை உடைப்பதே புதிய திட்டத்தின் நோக்கம்.

2007-ல் அறிவிக்கப்பட்டு, 2008-ம் ஆண்டு பருவநிலை மாற்றச் சட்டத்தின் அதிகாரத்தில், 2010 ஏப்ரலில் சி.ஆர்.சி. எனப்படும் எரிசக்தித் திறன் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2008-ல் அரைமணி நேர மீட்டர் வழியாக 6,000 மெகாவாட் மணி, அதாவது 60 லட்சம் யூனிட் மின்சாரம் பயன்படுத்திய நிறுவனங்கள் இதில் சேர்ந்தாக வேண்டும். தனியார் மட்டுமல்ல, அரசுத் துறைகளும் உள்ளாட்சி மன்றங்களும் கூட!

திட்டம் இப்படித்தான் இருந்தது. வெளியிடும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் ஓர் அனுமதி வாங்க வேண்டும். தொடக்க விலை 12 பவுண்டு. அப்படிச் சேரும் பணத்தை அரசு வைத்துக்கொள்ளாமல் அந்த நிறுவனங்களுக்கே திருப்பித் தரும். ஆனால் சமமாக அல்ல. யார் நன்றாகச் சிக்கனம் செய்தார்கள் என்று ஒரு தரவரிசைப் பட்டியல் வெளியாகும். முன்னணியில் இருப்பவர்களுக்குக் கட்டியதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும், பின்தங்கியவர்களுக்குக் குறையும். இந்த வித்தியாசம் முதலாண்டில் 10 சதவீதம், ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் வரை போகும் என்று திட்டமிட்டிருந்தார்கள். பணத்தோடு மானமும் சேர்ந்து வேலை செய்யும் என்பது கணக்கு.

ஆனால் நடந்தது வேறு. 2010 மே மாதம் ஆட்சி மாறியது. உலகப் பொருளாதார நெருக்கடியால் கஜானா காலியாக இருந்த நேரம் அது. அக்டோபரில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் வெளியிட்ட செலவின ஆய்வறிக்கையில், இந்தப் பணம் இனித் திருப்பித் தரப்படாது, அரசே வைத்துக்கொள்ளும் என்று அறிவிக்கப்பட்டது. 2014-15க்குள் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி பவுண்டு கிடைக்கும் என்பது அரசின் மதிப்பீடு. பணம் திரும்பி வரும் என்று நம்பியிருந்த நிறுவனங்கள் கொதித்துப் போயின. ஊக்கத்தொகைத் திட்டம் ஒரே நாளில் வரியாகிவிட்டது!

தரவரிசைப் பட்டியலும் சோபிக்கவில்லை. 2011 நவம்பரில் வெளியான முதல் பட்டியல், தானியங்கி மீட்டர் பொருத்தியதையும் சான்றிதழ் பெற்றதையும் மட்டுமே கணக்கில் எடுத்தது. உமிழ்வை யார் உண்மையில் குறைத்தார்கள் என்று அதிலிருந்து தெரியவில்லை. பின்னர் அந்தப் பட்டியலே கைவிடப்பட்டது. மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்து அனுமதிகளை ஏலம் விடும் யோசனையும் நிறைவேறவில்லை. உச்சவரம்பு இல்லாத இடத்தில் வணிகம் எங்கே நடக்கும்?

விதிமுறைகளின் சிக்கலும் தலைவலியாக இருந்தது. முதலில் 29 வகை எரிபொருள்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. பிறகு அதை மின்சாரம், எரிவாயு என இரண்டாகச் சுருக்கினார்கள். கடைசியில் 2016 பட்ஜெட்டில் திட்டத்தையே மூடும் முடிவு அறிவிக்கப்பட்டு, 2018-19 நிதியாண்டோடு முடிவுக்கு வந்தது. அதன் வருவாயை ஈடுகட்ட, 2019 ஏப்ரலில் பருவநிலை மாற்ற வரி உயர்த்தப்பட்டது.

இருந்தாலும் எல்லாமே வீண் என்று சொல்லிவிட முடியாது. தாங்கள் எவ்வளவு மின்சாரம் செலவழிக்கிறோம் என்பதைப் பெரிய அமைப்புகள் ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்க வேண்டிய கட்டாயம் வந்தது. ஆனால் நல்லது செய்தால் பலன் உண்டு என்று சொல்லி அழைத்த அரசே பாதியில் வாக்கு மாறினால், அடுத்த திட்டத்தை யார் நம்புவார்கள்? காற்றில் கலக்கும் கரியை டன் கணக்கில் அளக்கலாம். இழந்த நம்பிக்கையை எதைக்கொண்டு அளப்பது?