லோஜோங்: சுமத்ராவிலிருந்து திபெத்துக்குப் போன மனப் பயிற்சி

திபெத்திய பௌத்தத்தில் லோஜோங் எனப்படும் மனப் பயிற்சி, தன்னலத்தையும் சினத்தையும் தளர்த்திப் பிற உயிர்கள் மீது பரிவை வளர்ப்பதற்கென 11, 12ஆம் நூற்றாண்டுகளில் உருப்பெற்றது. அதன் வேர் இந்தியாவில் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டில் நாலந்தாவில் வாழ்ந்த சாந்திதேவர், தன்னைப் பிறர் இடத்திலும் பிறரைத் தன் இடத்திலும் வைத்துப் பார்க்கும் தியானத்தைப் போதிசரியாவதாரம் என்ற நூலில் விளக்கியிருந்தார். அதைத் திபெத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் வங்காளத்தைச் சேர்ந்த துறவி அதிசர்.

இன்றைய வங்கதேசத்தில் உள்ள விக்கிரமபுரத்தில் 982 வாக்கில் பிறந்த அதிசர், பரிவைப் பற்றிய போதனையைத் தேடிக் கடல் கடந்து சுவர்ணத்வீபம் எனப்பட்ட சுமத்ராவுக்குப் போனார். அங்கே தருமகீர்த்தி என்ற ஆசிரியரிடம் 12 ஆண்டுகள் பயின்றார். (7ஆம் நூற்றாண்டின் தர்க்க அறிஞர் தருமகீர்த்தி வேறு.) இந்த ஆசிரியரின் நூல் ஒன்று, சூளாமணிவர்மன் ஆட்சியில் எழுதப்பட்டதாகத் தன் முடிவுரையில் சொல்கிறது. நாகப்பட்டினத்தில் எழுந்த சூளாமணி விகாரத்துக்குப் பெயர் தந்த, சுமத்ராவின் ஸ்ரீவிஜய மன்னன் இவனே; முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் ஊரைத் தானமாக விட்டது அந்த விகாரத்துக்குத்தான். இராசேந்திரனின் கப்பற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது 1025இல். அதிசர் தாயகம் திரும்பியதும் ஏறக்குறைய அந்த ஆண்டிலேயே. இரண்டையும் முடிச்சுப் போடச் சான்று ஏதும் இல்லை.

விக்கிரமசீலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த அதிசரை, மேற்குத் திபெத்தின் குகே அரச குடும்பம் அழைத்தது. 1042இல் அங்கே போய்ச் சேர்ந்தவர், தோலிங் மடத்தில் தங்கிப் போதிபதப்பிரதீபம் என்ற சிறு நூலை எழுதினார். அவர் தம்முடன் எரிந்து விழும் வங்காளி வேலையாள் ஒருவனையும் அழைத்துப் போனாராம். இவனை ஏன் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டவர்களிடம், பொறுமையைப் பழக இவன்தான் எனக்கு வேண்டும் என்றாராம். திபெத்தியர்களோடு பழகிய பிறகு அவன் தேவைப்படவில்லை என்றும் கதையை நீட்டுவார்கள். தம்மைத் தாமே கிண்டல் செய்துகொள்ளும் இந்தக் கதையைத் திபெத்தியர்களே விரும்பிச் சொல்கிறார்கள்.

அதிசர் 1054இல் லாசாவுக்கு அருகிலுள்ள நெதாங்கில் காலமானார். அவருடைய முதன்மைச் சீடர் துரோம்தோன் துறவி அல்லர், இல்லறத்தார். அவர் நிறுவிய ரெதிங் மடத்திலிருந்து கதம்பா மரபு வளர்ந்தது. சித்து வேலைகளை விலக்கி, மனத்தை நாள்தோறும் கண்காணிப்பதையே பெரிய சாதனையாகக் கருதிய மரபு அது. முன்பு திருடனாக இருந்து துறவியான பென் குங்கியல், ஒரு வீட்டில் தேயிலைச் சாக்குக்குள் கை போனதும் அந்தக் கையை மறு கையால் பிடித்துக்கொண்டு "திருடன், திருடன்" என்று கூவினாராம். தீய எண்ணத்துக்குக் கறுப்புக் கல், நல்ல எண்ணத்துக்கு வெள்ளைக் கல் என்று எடுத்து வைத்துத் தம் நாளைக் கணக்கிட்டவரும் அவர்தான்.

மனப் பயிற்சி தொடக்கத்தில் தகுதி பார்த்துச் சிலருக்கு மட்டும் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. லாங்ரி தங்பா (1054–1123) எட்டே செய்யுள்களில் அதைச் சுருக்கினார். பழியும் இழப்பும் வந்தால் தாமே ஏற்று, வெற்றியைப் பிறருக்கு விடுவது அவற்றின் மையக் கருத்து. எழுத்தில் கண்ட இந்தக் கருத்தால் ஈர்க்கப்பட்ட சேக்காவா (1101–1175), ஆசிரியரைத் தேடி லாசாவுக்குப் போனபோது லாங்ரி தங்பா இறந்துவிட்டிருந்தார். ஷாரவா என்பவரிடம் பல ஆண்டுகள் தங்கிப் பயின்றார்.

பின்னர் சேக்காவா இந்தப் பயிற்சியைத் தொழுநோயாளிகளுக்குக் கற்பித்தார். பலர் குணமானதாக மரபு சொல்கிறது. மருத்துவமாக இதை நம்ப வேண்டியதில்லை. ஊர் ஒதுக்கிவைத்தவர்களுக்கு அந்தப் பயிற்சி கொடுக்கப்பட்டது என்பதுதான் வரலாற்றில் முக்கியம். மறைபொருளாக இருந்ததை அவர் ஏழு தலைப்புகளில் வகுத்துப் பொதுவில் வைத்தார். அதிலுள்ள டோங்லென் பயிற்சியில், மூச்சை உள்ளிழுக்கும்போது பிறர் துன்பத்தைத் தான் ஏற்பதாகவும், வெளிவிடும்போது தன் நலத்தை அவர்களுக்குத் தருவதாகவும் பாவிக்க வேண்டும். முதலில் தன் துன்பத்திலிருந்தே தொடங்கச் சொன்னது நுட்பமான முறை: தன் வலியைப் பார்க்க அஞ்சுகிறவர் பிறர் வலியைத் தாங்குவது கடினம்.

15ஆம் நூற்றாண்டில் இந்த மரபின் நூல்கள் ஒரு பெருந்தொகுப்பாகச் சேர்க்கப்பட்டன. அதற்குள் கதம்பா தனி மரபாக மறைந்து, அதன் போதனை கெலுக், காக்யூ, சாக்கியா ஆகிய பிற மரபுகளில் கலந்திருந்தது. தொகுப்பை துப்தென் ஜின்பா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2006இல் வெளியிட்டார். அமெரிக்காவின் எமரி, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகங்களில் சமயச் சார்பற்ற பரிவுப் பயிற்சிகளும் உருவாயின. இவற்றால் பயன் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் சேக்காவா பரிவோடு சேர்த்தே வைத்த சூனியதா, அதாவது 'நான்' என்பதற்கு நிலையான இருப்பு இல்லை என்ற தியானம், இவற்றில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அதை விட்டுவிட்டு எடுத்துக்கொண்டது பாதிப் பயிற்சிதான்.