மூன்று வேதியியலாளர்கள், ஒரு சின்ன மாநிலம்

2010-ம் வருஷ வேதியியல் நோபல் அறிவிப்பில் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. பரிசு பெற்ற மூவரில் ஒருவரான ரிச்சர்ட் ஹெக்கின் பெயருக்குப் பக்கத்தில் டெலவேர் பல்கலைக்கழகம் என்று இருந்தது. ஹார்வர்டு, எம்.ஐ.டி. என்றே படித்துப் பழகிய கண்ணுக்கு இது புதுசு. டெலவேர் அமெரிக்காவின் இரண்டாவது சிறிய மாநிலம். 2020 கணக்கெடுப்பில்கூட மக்கள்தொகை பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவுதான். அங்கே வேதியியல் எப்படி இவ்வளவு ஆழமாக வேர் பிடித்தது?

பதில் வெடிமருந்தில் இருக்கிறது. பிரான்ஸில் லவாய்சியரிடம் அந்தத் தொழிலைக் கற்ற எலூத்தர் இரெனே டூபாண்ட், 1802-ல் பிராண்டிவைன் ஓடைக்கரையில் வெடிமருந்து ஆலை தொடங்கினார். அதுதான் டூபாண்ட் கம்பெனி. நூறு வருஷத்தில் அது சந்தையை முழுசாக வளைத்துப்போட, ஏகபோக வழக்கு வந்தது. 1912-ல் ஹெர்குலிஸ், அட்லஸ் என்று இரண்டு கம்பெனிகள் அதிலிருந்து பிரிக்கப்பட்டன. மூன்றுக்கும் தலைமையகம் வில்மிங்டன் நகரம்தான்! அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் நியூவார்க் (நியூ ஜெர்சியில் இருப்பது வேறு). பல்கலைக்கழகம் இருப்பது அங்கே.

இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவே மூன்று பேர் இடம் மாறிய கதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதல் ஆள் வாலஸ் கரோதர்ஸ். ஹார்வர்டில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவரை, உங்களுக்குப் பிடித்த அடிப்படை ஆராய்ச்சியைச் செய்யுங்கள் என்று சொல்லி 1928-ல் டூபாண்ட் அழைத்து வந்தது. 1930-ல் புதிய மேலாளர் வந்தார். விற்கக்கூடிய பொருள் எங்கே என்ற கேள்வியும் கூடவே வந்தது. 1935 பிப்ரவரியில் நைலான் பிறந்தது. நெடுங்காலமாக மன அழுத்தத்தோடு போராடி வந்த கரோதர்ஸ் 1937-ல் தற்கொலை செய்துகொண்டார். நைலான் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே அடுத்த வருஷம்தான்.

அதே 1938-ல் எதிர்த்திசையில் போனவர் ஆலன் கோல்பர்ன். டூபாண்டில் வெப்பம் கடத்தப்படுவதைப் பற்றி ஆராய்ந்தவர், டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அங்கே வேதிப் பொறியியல் துறை பெயர் வாங்கியதில் பெரும்பங்கு அவருடையது. ஆலையில் அவர் சந்தித்த கணக்குகள் வகுப்பறைப் பாடமாயின.

மூன்றாவது ஆள் நம்ம ஹெக். 1950-களின் பிற்பகுதியில் ஹெர்குலிஸ் ஆய்வகத்தில் சேர்ந்தார். கார்பனையும் கார்பனையும் இணைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பல்லேடியம் உலோகத்தைக் கல்யாணத் தரகர் மாதிரி நடுவில் வைத்தால் இரண்டும் சேரும், காரியம் முடிந்ததும் தரகர் விலகிக்கொள்வார் என்று காட்டினார். 1968-ல் இதைப் பற்றி அவர் தனியாகவே வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். அப்போது அதற்குப் பாதரசச் சேர்மங்கள் தேவைப்பட்டன. 1971-ல் பல்கலைக்கழகத்துக்கு மாறி, அடுத்த வருஷமே பாதரசம் இல்லாத வழியை வெளியிட்டார். ஜப்பானில் மிசோரோகியும் தனியாக அதே இடத்துக்கு வந்திருந்தார். இன்று நாப்ராக்சன் வலி மாத்திரை தயாரிக்கும் வழிகளில் ஒன்று இந்த வினையைத்தான் நம்பியிருக்கிறது.

ஆனால் ஹெக்குக்கு ஆராய்ச்சி நிதி சுருங்கியது. 1989-ல், அறுபது வயதுகூட ஆகாமல், ஓய்வு பெற்றுவிட்டார். நோபல் வந்தபோது 79 வயது, பிலிப்பைன்ஸில் குடியிருந்தார்.

கம்பெனி என்றால் லாப வெறி, பல்கலைக்கழகம் என்றால் சுதந்திரம் என்று நானும் நினைத்தவன்தான். ஆனால் ஹெக்கின் வினை பிறந்தது கம்பெனியில். அவர் வேலை நின்றுபோனது பல்கலைக்கழகத்தில். சுதந்திரம் எந்தக் கட்டடத்திலும் நிரந்தரமாகக் குடியிருக்கவில்லை. அடுத்த வருஷப் பணம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது இடம் மாறிக்கொண்டே இருந்தது. ஒரு கதவு சாத்தினால் பக்கத்துக் கதவைத் தட்டலாம் என்கிற அளவுக்கு ஊர் சின்னதாக இருந்ததுதான் டெலவேரின் பலம்.

2015 டிசம்பரில் டூபாண்ட், டவ் கம்பெனியோடு இணையப்போவதாக அறிவித்தது. அந்த மாதமே டெலவேரில் 1,700 பேருக்கு வேலை போகும் என்ற செய்தியும் வந்தது. இனி ஒரு ஹெக் அந்த ஊரில் எத்தனை கதவுகளைத் தட்ட முடியும்?