கடற்பாலத்தின் இரு கரையும் பதிப்புரிமையும்

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர். பதிப்புரிமைக் கணக்கில் அவ்விரு கரைகளுக்கும் இடையே 20 ஆண்டுகள் உள்ளன.

தமிழ் முரசின் நிறுவனர் கோ. சாரங்கபாணி 1974இல் மறைந்தார். அவர் தம் பெயரில் வாழ்நாளிலேயே வெளியிட்ட எழுத்துகளைச் சான்றாகக் கொள்வோம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியரின் மறைவுக்குப்பின் 50 ஆண்டுகள் உரிமை வழங்குகிறது. ஆகவே, இங்கு அவை 2025 சனவரி 1 முதல் பொதுச்சொத்து. இந்தியாவில் 60 ஆண்டுகள். அங்கு 2035 வரை காத்திருத்தல் வேண்டும். சிங்கப்பூரிலும் முன்பு 50 ஆண்டுகளே இருந்தன. அமெரிக்காவுடன் செய்துகொண்ட தடையற்ற வாணிப உடன்பாட்டையொட்டி, 2004 சூலையில் அது 70 ஆயிற்று. அவர் வாழ்ந்து எழுதிய ஊரில்தான் அவருடைய எழுத்து எல்லாவற்றுக்கும் கடைசியாக, 2045இல், விடுதலை பெறும்!

மலேசியாவும் அவ்வழியே செல்லவிருந்தது. பசிபிக் வட்டார வாணிப உடன்பாட்டில் 70 ஆண்டு விதி இடம்பெற்றிருந்தது. அமெரிக்கா 2017இல் விலகியதால், 2018இல் கையெழுத்தான மறு உடன்பாட்டில் அவ்விதி நிறுத்திவைக்கப்பட்டது. நமக்குக் கிடைத்த உரிமை இவ்வாறு தற்செயலாக எஞ்சியதே எனலாம்.

1998 முதல் மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை இலவச மின்னூல்களாக வழங்கி வருகிறது. அதே முறையில் சாரங்கபாணியின் எழுத்துகளை ஜொகூரில் வலையேற்றுதல் சட்டத்திற்கு உட்பட்டது. சிங்கப்பூர் வாசகர் அவற்றை இறக்கிக்கொள்வது அங்கு உரிமை மீறலாகக்கூடும். ஒரே நாளிதழை இரு கரைகளிலும் படித்த தலைமுறைக்கு இது விளங்கியிராது.

தாள்களோ சட்டத்தின் கெடுவை அறியா. ஈரமும் கறையானும் மிகுந்த இந்நாட்டில், தனியார் வீடுகளில் எஞ்சியுள்ள பழம்பிரதிகள் 2045 வரை தாங்குமா என்பது ஐயமே. அவற்றை மின்னுருவாக்கும் பணி இக்கரையிலிருந்து தொடங்கப்பெறுதல் வேண்டும்.