டுச்சாங்காவின் பெண்கள் எங்கே?

ஓர் இனத்தின் பெண்கள் எத்தனை பிள்ளை பெறலாம் என்பதை யார் முடிவு செய்வது? மக்கள்தொகைக் கொள்கை பற்றிய நூல்களில் இந்தக் கேள்வியைப் பலமுறை படித்திருக்கிறேன். ஆனால் முடிவெடுக்கும் நாற்காலியில் என்னையே உட்காரவைத்து இதைக் கேட்டது ஒரு வீடியோ கேம். அதன் பெயர் 'மாஸ் எஃபெக்ட்'. அறம் சார்ந்த தேர்வுகளுக்காகவே உலகெங்கும் பேசப்பட்ட விளையாட்டு இது. அந்தத் தேர்வுகளில் மிகக் கனமான ஒன்றின் வரலாற்றைப் பெண்கள் பக்கமிருந்து இங்கே சொல்ல முயல்கிறேன்.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் எட்மன்டன் என்ற நகரம் இருக்கிறது. அங்கே 1995இல் மூன்று மருத்துவர்கள் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் பயோவேர். அது உருவாக்கிய 'மாஸ் எஃபெக்ட்' வரிசையின் முதல் மூன்று பாகங்கள் 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. விளையாடுபவர் கமாண்டர் ஷெப்பர்ட் என்ற படை அதிகாரியாகிறார். ஷெப்பர்ட் ஆணா பெண்ணா என்பதை அவரே தேர்ந்துகொள்ளலாம். விண்வெளியில் பல இனங்களுக்கு நடுவே பயணம் செய்து, உரையாடி, போரிட்டு, முடிவுகள் எடுக்கவேண்டும். இணக்கமான முடிவுகளுக்குப் 'பாரகன்' என்ற நீலப் புள்ளிகளும், ஈவிரக்கமற்ற முடிவுகளுக்கு 'ரெனகேட்' என்ற சிவப்புப் புள்ளிகளும் கிடைக்கும். ஒரு பாகத்தில் எடுத்த முடிவு அடுத்த பாகத்துக்கும் தொடர்ந்து வரும். 2007இல் ஒருவரைச் சாகவிட்டால் 2012இல் அவர் இருக்கமாட்டார்.

கதைக்குள் க்ரோகன் என்றொரு இனம். டுச்சாங்கா என்ற கடுமையான கிரகத்தில் பிறந்த உடல்வலிமை மிக்க மக்கள். ரக்னை என்ற பூச்சியினத்தோடு நடந்த போரில் மற்ற இனங்கள் தோற்றுக்கொண்டிருந்தபோது, சலேரியன் என்ற அறிவியலாளர் இனம் க்ரோகன்களுக்கு விண்வெளித் தொழில்நுட்பத்தைக் கொடுத்துப் படையாகப் பயன்படுத்திக்கொண்டது. போர் முடிந்தது. க்ரோகன்களின் எண்ணிக்கை பெருகியது, அவர்கள் பிறர் நிலங்களைப் பிடித்தார்கள், கலகம் மூண்டது. அதை அடக்கச் சலேரியன்கள் ஓர் உயிரியல் ஆயுதம் செய்தார்கள். டூரியன் என்ற படையினம் அதைப் பரப்பியது. அதன் பெயர் ஜெனோஃபேஜ். அதன் பிறகு ஆயிரம் கருவில் ஒன்றே உயிரோடு பிறக்கும் என்ற நிலை வந்தது.

இந்தக் கொள்கையின் எடை யாருடைய உடலில் விழுந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆயிரம் கருவில் ஒன்றுதான் தேறும் என்றால், மீதி அத்தனையையும் வயிற்றில் சுமந்து இழந்தவர்கள் பெண்கள். விளையாட்டோடு வரும் கலைக்களஞ்சியக் குறிப்புகளே இன்னொன்றையும் சொல்கின்றன. பிள்ளை பெறக்கூடிய க்ரோகன் பெண்கள் போர்ப் பரிசாகக் கருதப்பட்டார்கள். குழுக்கள் அவர்களைப் பறித்தன, பண்டமாற்றுச் செய்தன.

அந்தப் பெண்கள் எங்கே? 2007இல் வந்த முதல் பாகத்தில் ஒரு க்ரோகன் பெண்கூட இல்லை. ஜெனோஃபேஜ் பற்றிய வாதம் ஒரு கடற்கரையில் நடக்கிறது. எதிரியின் கூடத்தில் அதற்கு மருந்து இருக்கலாம் என்று ரெக்ஸ் என்ற க்ரோகன் வீரர் நம்புகிறார். கூடத்தை அழித்தே தீரவேண்டும் என்கிறது ஷெப்பர்டின் கடமை. துப்பாக்கிகள் எதிரெதிரே நீள்கின்றன. ரெக்ஸைப் பேசிச் சமாதானப்படுத்தலாம், முடியாவிட்டால் அவர் கொல்லப்படுவார். காட்சி உருக்கமானது, ரெக்ஸின் கோபமும் நியாயமானது. ஆனால் கர்ப்பப்பையைப் பற்றிய அந்த வாதம் முழுக்க ஆயுதம் ஏந்தியவர்களுக்கு இடையேதான் நடக்கிறது.

2010இல் வந்த இரண்டாம் பாகத்தில் நாம் டுச்சாங்காவுக்கே போகிறோம். பெண்கள் தனிக் குழுவாக வேறிடத்தில் வாழ்வதாகச் சொல்லப்படுகிறது. அவர்கள் கண்ணில் படுவதில்லை. நம் கப்பலில் மோர்டின் சோலஸ் என்ற சலேரியன் மருத்துவர் இருக்கிறார். வேகவேகமாகப் பேசுவார், பாட்டுப் பாடுவார், ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தவர். க்ரோகன் உடல் ஜெனோஃபேஜை வெல்லத் தொடங்கியபோது அதைத் திருத்தி மறுபடியும் வேலை செய்ய வைத்த குழுவிலும் அவர் இருந்தார். அது மலடாக்கும் வேலையல்ல, மக்கள்தொகையை நிலைப்படுத்தும் வேலை என்று வாதிடுகிறார். கணக்கு அவர் பக்கம் இருப்பதுபோலத்தான் தோன்றுகிறது. பிறகு அவருடைய மாணவர் மேலனின் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைகிறோம். ஜெனோஃபேஜுக்கு மருந்து தேடி நடந்த சோதனைகளில் இறந்த ஒரு க்ரோகன் பெண்ணின் உடல் அங்கே கிடக்கிறது. கட்டிவைத்த தடம் இல்லாததால், அவள் தானாகவே சோதனைக்கு முன்வந்தவள் என்று மோர்டின் புரிந்துகொள்கிறார். முதல் முறையாக அவருடைய கணக்கு தடுமாறுகிறது.

இரண்டு பாகங்களில் நாம் பார்க்கும் ஒரே க்ரோகன் பெண் ஒரு பிணம். அவள் எதற்காக முன்வந்தாள், எத்தனை குழந்தைகளைப் பறிகொடுத்தாள் என்று கேட்க வழியில்லை. அவள் மரணம் ஓர் ஆண் மருத்துவரின் மனசாட்சியை எழுப்பும் வேலையை மட்டும் செய்கிறது.

இந்த இடத்தில் கதையை விட்டு, அது எழுதப்பட்ட ஊருக்கு வரவேண்டியிருக்கிறது. எழுதியவர்கள் தங்கள் ஊர் வரலாற்றை மனதில் வைத்து இதைச் செய்தார்கள் என்பது என் வாதமல்ல. ஒரே ஊரில் நடந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் நமக்கு என்ன தெரிகிறது என்பதே என் அக்கறை.

ஆல்பர்ட்டா மாகாணம் 1928இல் ஒரு கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. 'தரமான' மக்களை மட்டுமே பெருகவிட வேண்டும் என்ற இனமேம்பாட்டுக் கொள்கையிலிருந்து பிறந்தது அது. மனநலக் காப்பகங்களிலும் விடுதிகளிலும் இருந்தவர்களில் யார் பிள்ளை பெறக்கூடாது என்று ஒரு வாரியம் முடிவு செய்தது. மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குச் சம்மதமே தேவையில்லை என்று 1937இல் சட்டம் திருத்தப்பட்டது. 1972இல் நீக்கப்படும்வரை 2,800க்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை செய்யப்பட்டது. அவர்களில் பெண்களே அதிகம். பழங்குடியினர் தங்கள் மக்கள்தொகை விகிதத்தைவிட மிக அதிகமாகச் சிக்கினார்கள். வாரியத்துக்கு 1929 முதல் 1965 வரை தலைமை வகித்தவர் ஜான் மெக்கெக்ரன், ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர். அந்த அறையிலும் படித்தவர்கள் இருந்தார்கள், கணக்கு இருந்தது, பொதுநலம் என்ற சொல் இருந்தது. யாருடைய உடலைப் பற்றிப் பேசினார்களோ அவர்களுக்குத்தான் குரல் இல்லை.

அந்தக் குரல் நீதிமன்றத்தில் ஒலிக்க வெகுகாலம் ஆயிற்று. லெய்லானி மூயர் 1944இல் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே ரெட் டியர் நகரிலுள்ள காப்பகத்தில் விடப்பட்டார். 1959இல், 14 வயதில், குடல்வால் அறுவை என்று சொல்லி அவருடைய கருக்குழாய்களையும் சிதைத்தார்கள். மணமாகிப் பிள்ளைக்கு ஏங்கியபோதுதான் தனக்கு நடந்தது அவருக்குத் தெரியவந்தது. அவர் அரசின் மீது வழக்குத் தொடுத்தார். 1996இல் நீதிபதி ஜோன் வெய்ட் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, ஏறத்தாழ 7,40,000 கனடிய டாலர் இழப்பீடு வழங்கினார். அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கானவர்கள் வழக்கோடு வந்தார்கள். 1999இல் மாகாண முதல்வர் மன்னிப்புக் கேட்டார்.

பெண்ணியர்களாகிய நாம் விலகிப் போகமுடியாத இன்னொரு பக்கமும் இந்த வரலாற்றுக்கு உண்டு. எட்மன்டனைச் சேர்ந்த எமிலி மர்ஃபி 1916இல் பிரிட்டிஷ் பேரரசின் முதல் பெண் மாஜிஸ்திரேட் ஆனவர். பெண்களும் சட்டத்தின் பார்வையில் 'நபர்கள்'தான் என்று 1929இல் தீர்ப்புப் பெற்ற ஐந்து பெண்களில் ஒருவர். அந்த ஐவருக்கும் கனடாவில் சிலைகள் உண்டு. அதே மர்ஃபியும், ஐவரில் இன்னொருவரான நெல்லி மெக்ளங்கும் கட்டாயக் கருத்தடையை ஆதரித்தார்கள். தங்களை நபர்களாக ஏற்கவேண்டும் என்று போராடியவர்களே, வேறு பெண்களின் கருப்பை மேல் அரசு கைவைப்பதைச் சீர்திருத்தம் என்று நம்பினார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் 2012இல் வந்த மூன்றாம் பாகத்தைப் படிக்கவேண்டும். மேலனின் சோதனைகளிலிருந்து உயிர்தப்பிய ஒரு பெண் சலேரியன்களின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். அவள் உடலில் ஜெனோஃபேஜுக்கு எதிர்ப்பு உண்டு. அவளோடு இருந்த மற்ற பெண்கள் இறந்துவிட்டார்கள். மோர்டின் அவளுக்கு 'ஈவ்' என்று பெயர் வைக்கிறார். ஆதிப்பெண்ணின் பெயரை ஒரு விஞ்ஞானி சோதனைக்கு வந்தவளுக்குச் சூட்டுகிறார். அவளுடைய சொந்தப் பெயரான பகாரா நமக்கு வெகுநேரம் கழித்துத்தான், அதுவும் கதை சரியான வழியில் போனால் மட்டுமே, தெரியவருகிறது.

அவள் பேசத் தொடங்கியதும் ஐந்தாண்டுகளாக நாம் நடத்திவந்த வாதத்தின் தன்மை மாறிவிடுகிறது. எண்ணிக்கையாக இருந்தது பிரசவமாகிறது. தன் பிள்ளை உயிரற்றுப் பிறந்ததைச் சொல்கிறாள். நம்பிக்கை இழந்த பெண்களைப் பற்றிச் சொல்கிறாள். தன் இன ஆண்களின் போர்வெறியையும் அவள் மறைப்பதில்லை. மருந்து கிடைத்தபின் க்ரோகன்கள் எப்படி வாழவேண்டும் என்று யோசித்து வைத்திருப்பவளும் அவள்தான். களத்தில் ஆண்கள் தங்களுக்குள் மல்லுக்கு நிற்கும்போது முன்னே நடந்து அவர்களைத் திரட்டுபவளும் அவளே. க்ரோகன்கள் பெருகினால் மறுபடி போர்தானே என்ற பழைய அச்சத்துக்கு மோர்டினால் தரமுடியாத பதில் இவளிடம் இருந்தது. முதல் பாகத்திலேயே இவளிடம் கேட்டிருக்கலாமே என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மருந்தை ரகசியமாகக் கெடுத்துவிடு, உனக்குப் படை தருகிறேன் என்று ஷெப்பர்டிடம் பேரம் பேசுபவர் டலாட்ராஸ் லின்ரன். சலேரியன் அரசியலில் அதிகாரம் பெண்கள் கையில். லின்ரனும் பெண்தான். மர்ஃபியை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. நாற்காலியில் பெண் உட்கார்ந்ததால் மட்டுமே அந்த நாற்காலியின் வேலை மாறிவிடாது.

ஷெப்பர்டுக்கும் இது பொருந்தும். பெண் ஷெப்பர்டுக்குக் குரல் கொடுத்த ஜெனிஃபர் ஹேலை ரசிகைகள் கொண்டாடினார்கள். ஆனாலும் 2011இல் நிறுவனமே தந்த கணக்குப்படி பெண் ஷெப்பர்டாக ஆடியவர்கள் 18 சதவீதம் மட்டுமே. முதல் இரண்டு பாகங்களின் அட்டையில் இருந்தவன் ஆண். மூன்றாம் பாகத்தில்தான் அட்டையைத் திருப்பிப் போட்டால் பெண் முகம் தெரிந்தது. அந்த முகம் எப்படி இருக்கவேண்டும் என்று ரசிகர்களிடம் வாக்கெடுப்பும் நடந்தது. 2021இல் மூன்று பாகங்களும் புதுப்பிக்கப்பட்டு வந்தபின் பெண் ஷெப்பர்டைத் தேர்ந்தவர்கள் 32 சதவீதம் ஆனார்கள். இதற்காகப் போராடிய ரசிகைகளின் பங்கை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நான் பெண் ஷெப்பர்டாக ஆடியபோதும் மருந்தைப் பரப்புவதா கெடுப்பதா என்ற முடிவு என்னிடம்தான் இருந்தது, பகாராவிடம் இல்லை. நான் இரக்கமுள்ளவளாக இருந்தால் அவளுடைய இனத்துக்கு விடுதலை. இல்லையென்றால் ஏமாற்றப்பட்டதுகூடத் தெரியாமல் அவள் நன்றி சொல்வாள்.

அவள் உயிரும் அப்படித்தான். இரண்டாம் பாகத்தில் மேலனின் ஆய்வுத் தரவுகளைக் காப்பாற்றியிருந்தால் பகாரா பிழைக்கிறாள். கொடுமையில் பிறந்த தரவு வேண்டாம் என்று நீதியுணர்வோடு அழித்திருந்தால் அவள் இறந்துபோகிறாள். அந்தத் தரவு எத்தனையோ க்ரோகன் பெண்களின் வலியிலிருந்து எடுக்கப்பட்டது. அதை என்ன செய்வது என்று சொல்லும் உரிமை அந்தப் பெண்களுக்கே இருந்தது. விளையாட்டு அதை நமக்கும் மோர்டினுக்கும் கொடுத்தது. நம் கை சுத்தமாக இருக்கவேண்டும் என்ற ஆசைக்கு அவள் விலை கொடுக்கிறாள்.

இதனால் இந்த விளையாட்டை ஒதுக்கவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. பகாராவை எழுதியவர்கள் தங்கள் கதையிலேயே இருந்த ஓர் ஓட்டையை ஐந்தாண்டு கழித்தாவது அடைத்தார்கள், நேர்மையாக அடைத்தார்கள். நான் மாணவியரிடம் சொல்ல விரும்புவது வேறு. நீலமா சிவப்பா, சரியா தவறா என்று ஒரு கேள்வி நம் முன் வைக்கப்படும்போது, பதிலைத் தேடும் முன் அறையைச் சுற்றிப் பார்க்கவேண்டும். பேசப்படும் உடலுக்குரியவள் அங்கே இருக்கிறாளா? இல்லையென்றால் நாம் முதலில் எடுக்கவேண்டிய முடிவு அவளை அழைத்துவருவதுதான். லெய்லானி மூயரை யாரும் அழைக்கவில்லை. தன் வழக்கைத் தானே எடுத்துக்கொண்டு அவர் உள்ளே வந்தார், அதன் பிறகே அரசு தலைகுனிந்தது.