கொல்லாமையின் வேர்

சமணம் என்றதும் கொல்லாமைதான் முதலில் நினைவுக்கு வரும். அது இரக்கத்தால் மட்டும் பிறந்த அறம் அன்று. உயிர் எது என்னும் ஆராய்ச்சியின் முடிபு.

உலகை எவரும் படைக்கவில்லை. அதற்குத் தோற்றமும் இல்லை, இறுதியும் இல்லை என்பது சமணர் துணிபு. அதில் உயிர்கள் எண்ணிறந்தவை. நிலம், நீர், தீ, காற்று இவற்றை உடலாகக் கொண்டவையும் மரஞ்செடிகொடிகளும் தொடுவுணர்வு மட்டுமே உள்ள ஓரறிவுயிர்கள். புழுவுக்குச் சுவையும், எறும்புக்கு மோப்பமும், வண்டுக்குப் பார்வையும், விலங்குக்கும் மனிதருக்கும் செவியுணர்வும் படிப்படியாகக் கூடுகின்றன. எறும்பை மூவறிவிலும் தும்பியை நாலறிவிலும் வைக்கும் தொல்காப்பிய மரபியலோடு இப்பகுப்பு பெரிதும் ஒத்துச் செல்கிறது. அறிவின் அளவு வேறுபடலாம். கடையிலா ஞானமும் கடையிலா இன்பமும் எல்லா உயிர்க்கும் இயல்பு. எறும்பை நசுக்குபவன் தன்னையொத்த ஓர் உயிரையே துன்புறுத்துகிறான்.

அந்த இயல்பை மறைப்பது வினை. சமணத்தில் வினை என்பது நுண்ணிய சடப்பொருள். வெகுளி, செருக்கு, வஞ்சம், பேராசை ஆகியவற்றால் அது உயிரோடு ஒட்டிக்கொள்கிறது. வினை வந்து சேர்வதை ஊற்று என்றும், பிணிப்பதைக் கட்டு என்றும், வரவு தடுக்கப்படுவதைச் செறிப்பு என்றும், சேர்ந்தது நீங்குவதை உதிர்ப்பு என்றும், முழு விடுதலையை வீடு என்றும் தமிழ்ச் சமணர் வழங்கினர். ஓட்டைப் படகில் துளையை அடைத்துவிட்டு, உள்ளே புகுந்த நீரை இறைத்தால்தான் கரை சேரலாம். துளையை அடைப்பது செறிப்பு. நீரை இறைப்பது உதிர்ப்பு.

இதற்கான வழி மும்மணிகள்: நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம். ஒழுக்கம் ஐந்து விரதங்களாக விரிகிறது: கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, புலனடக்கம், பொருட்பற்றின்மை. துறவியர் இவற்றை முழுமையாக ஏற்பது மகாவிரதம். இல்லறத்தார் தம் ஆற்றலுக்கேற்ப ஏற்பது அணுவிரதம். பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொள்ளும் வழக்கமும் சிற்றுயிர்களைக் காக்கும் இந்த நோக்கில் வந்ததே.

கொல்லாமை கருத்துலகுக்கும் உரியது. ஒரு பொருளுக்குப் பல தன்மைகள் உண்டு; ஒருவர் பார்வையில் எல்லாம் அடங்கிவிடாது என்கிறது அநேகாந்தவாதம். மாற்றார் சொல்லிலும் ஒரு பக்க உண்மை இருக்கலாம் என்று உணர்ந்தவர் வாதத்திலும் வன்மம் கொள்ளார்.

ஆதிநாதர் முதல் மகாவீரர் வரையுள்ள 24 தீர்த்தங்கரர்களும் வரம் தருபவர்கள் அல்லர், வழி காட்டியவர்கள். ஒருவர் வினையை மற்றொருவர் தீர்க்க இயலாது. இத்தனை பெரிய பொறுப்பை ஒவ்வோர் உயிரிடமும் ஒப்படைத்து, அதைச் சுமக்கும் ஆற்றலும் அவ்வுயிருக்கு உண்டு என்று நம்பியதே சமணத்தின் பெருமை.