தேவனாம்பட்டினம் வந்து சேர்ந்த ஒரு வாக்கு

ஒழுக்கம் வேறு, அறம் வேறு என்று எவரேனும் சொன்னால் தலையாட்டுகிறோம். எங்கே பிரிகின்றன என்று கேட்டால் தயங்குகிறோம். சொற்பிறப்பும் கைகொடுப்பதில்லை. கிரேக்கரின் 'எதிகோஸ்' என்ற சொல்லுக்கு ஈடாகத்தான் சிசரோ 'மொராலிஸ்' என்ற இலத்தீன் சொல்லை ஆக்கினார். பிறப்பில் ஒன்றானவை வழக்கில் பிரிந்தன. ஒருவன் தன் மனச்சான்றுக்குக் கட்டுப்பட்டு நிற்பதை ஒழுக்கம் என்றும், அவன் வகிக்கும் பதவியும் சார்ந்த கூட்டமும் விதிப்பதைப் பதவியறம், போரறம் என்றும் இங்கே கொள்வோம். இவை முட்டிக்கொண்ட நிகழ்வொன்று நம் தேவனாம்பட்டினத்தில் வந்து முடிந்தது.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனே சென்னையைக் கைப்பற்றினார். மீட்புப்பணம் பெற்றுக்கொண்டு நகரைத் திருப்பித் தருவதாக ஆங்கிலேயருக்கு வாக்களித்தார். தொகை 11 லட்சம் வராகன் என்று முடிவாயிற்று. ஆங்கிலேயரோ, பிரெஞ்சுக்காரருக்கு எதிராக ஆயுதம் ஏந்துவதில்லை என்று சொல்லுறுதி தந்தனர். இன்று சிறைச் செய்திகளில் நாம் படிக்கும் 'பரோல்' இதுதான். பிரெஞ்சு மொழியில் அதற்குச் 'சொல்' என்றே பொருள்.

புதுச்சேரி ஆளுநர் டூப்ளே இதை ஏற்கவில்லை. கடலில் அதிகாரம் லா பூர்தொனேவுக்கு; பிடித்த நிலம் ஆளுநருக்கு உட்பட்டது; உரிமையில்லாதவன் கொடுத்த வாக்கு கும்பெனியைக் கட்டாது என்பது அவர் வாதம். பதவியறத்தின் நோக்கில் இதில் வலுவுண்டு. லா பூர்தொனேவோ, கொடுத்தது தம் மானம் சார்ந்த வாக்கு என்று நின்றார். (கையூட்டு வாங்கினார் என்ற குற்றச்சாட்டும் அவர்மேல் எழுந்தது.) அக்டோபர்ப் புயல் அவருடைய கப்பல்களைச் சிதைத்தது; அவர் கிளம்பியதும், நவம்பரில் உடன்படிக்கை செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. இந்தப் பூசலைப் புதுச்சேரியில் இருந்தபடி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தார் என்பது தமிழுக்குக் கிடைத்த பேறு.

பதவியறம் பேசிய டூப்ளேயும் ஒரு வாக்கு கொடுத்திருந்தார். சென்னையைப் பிடித்தபின் அதை ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீனிடம் ஒப்படைப்பதாகச் சொல்லி, ஒப்படைக்காமல் விட்டார். அதன் விளைவே அடையாற்றுப் போர். எனவே அவரை விதிகளின் காவலராக மட்டும் காண்பது நமக்கு உடன்பாடன்று.

இனிதான் நமக்கு வேண்டிய இடம். உடன்படிக்கை முறிந்ததால் தங்கள் சொல்லுறுதியும் முறிந்தது என்றனர் ஆங்கிலேயர். 21 வயதே நிரம்பிய எழுத்தர் ராபர்ட் கிளைவ் மாறுவேடத்தில் இரவோடு சென்னையை விட்டுத் தப்பினார். அவர் வந்து சேர்ந்த இடம் தேவனாம்பட்டினத்து புனித டேவிட் கோட்டை. 1690இல் எலிஹு யேல் சென்னை ஆளுநராக இருந்தபோது மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்ட கோட்டை அது. 1746 முதல் 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் அதுவே. அந்த டிசம்பரிலேயே பிரெஞ்சுப் படை அதைத் தாக்க வந்தது. ஏமாற்றப்பட்ட நவாபின் புதல்வர்கள் ஆங்கிலேயருக்குத் துணையாக வர, படை பின்வாங்கியது. அடுத்த ஆண்டு கிளைவ் எழுதுகோலை வைத்துவிட்டுப் படை அதிகாரியானார்.

போரறத்தின்படி அவர்மேல் குற்றமில்லை. ஒரு தரப்பு முறித்த ஒப்பந்தம் மறுதரப்பைக் கட்டாது. ஆயினும் சொல்லுறுதியை வாங்கியவர் லா பூர்தொனே. அவர் அதை முறிக்கவில்லை. மெக்காலே 1840இல் எழுதிய கட்டுரை உட்பட, அந்த மாறுவேடத்தை வீரச்செயலாகச் சொல்லும் எழுத்துகள் இந்த இடத்தில் நிற்பதேயில்லை. நமக்கு அந்தத் தாண்டல்தான் உறுத்துகிறது.

பிரான்சு திரும்பிய லா பூர்தொனே பாஸ்தில் சிறையில் அடைக்கப்பட்டு, 1751இல் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார், 1753இல் இறந்தார். டூப்ளே 1754இல் திருப்பி அழைக்கப்பட்டு, 1763இல் வறுமையில் மறைந்தார். 1758இல் லாலி புனித டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார். இத்தனை பேர் வாக்கும் மானமும் பேசிய சென்னையோ, 1748ஆம் ஆண்டு அமைதி உடன்படிக்கையின்படி, வட அமெரிக்காவின் லூயிஸ்பர்க் கோட்டைக்கு ஈடாக ஆங்கிலேயரிடமே திரும்பியிருந்தது.