தூண்டிலின் இரு முனைகள்

வெப்பமண்டலக் கடல்களிலே பொழுதுபோக்காகத் தூண்டில் இடுவதை இயற்கைச் சுற்றுலாத் தொழிலாக வளர்க்க வேண்டுமென்று இன்று பல நாடுகள் முயல்கின்றன. பிடித்த மீனைக் கடலிலேயே விட்டுவிடுவதால் வளம் அழியாது, அந்நியச் செலாவணி பெருகும், மீனவனுக்கும் வேலை கிடைக்கும் என்பது அவற்றின் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் அவ்வேலை எத்தகையது, அக்கடல் யாருடையது என்று கேளாமல் இவ்வாதத்தை ஏற்பதற்கில்லை. கியூபாவின் அனுபவம் இதற்கு நல்லதோர் உரைகல்.

1932இல் அமெரிக்க எழுத்தாளர் ஏர்னஸ்ட் ஹெமிங்வே மார்லின் மீன் பிடிக்க ஹவானாவுக்கு வந்தார். ஈட்டி போன்ற நீண்ட மூக்குடைய இப்பெருமீன், கரைக்கு மிக அண்மையில் ஓடும் வளைகுடா நீரோட்டத்தின் வழியே வருவது. ஹெமிங்வேக்கு அது புதிய உலகம். ஹவானாவை அடுத்த கோஹிமார் கிராமத்து மீனவருக்கோ அது அன்றாடச் சோறு. அவர்கள் சிறு படகுகளில் நீரோட்டத்தோடு மிதந்து, கைக்கயிற்றைப் பல பாக ஆழத்துக்கு இறக்கிக் காத்திருந்தனர். வந்தவரிடம் இயந்திரப் படகும், கோலும், கயிறு சுற்றும் உருளையும் இருந்தன. மீனவர் மார்லினை நிறுத்துச் சந்தையில் விற்றனர்; சீமான்கள் அதை நிறுத்துச் சாதனைப் பட்டியலில் எழுதினர். தராசு என்னவோ ஒன்றுதான்.

மீன் வரும் பருவத்தையும் அது இரையெடுக்கும் முறையையும் ஹெமிங்வே, கார்லோஸ் குத்தியேரெஸ் என்ற கியூப மீனவரிடமே கற்றார். 1934இல் அவர் வாங்கிய ‘பிலார்’ படகில் பிலடெல்பியாவின் இயற்கை விஞ்ஞானக் கழகத்தார் வந்து மார்லின் இனங்களை ஆராய்ந்தனர். அவர்களில் ஒருவரான ஹென்றி பவுலர், மறு ஆண்டு வேறொரு மீனினத்துக்கு ஹெமிங்வேயின் பெயரைச் சூட்டினார். அறிவைத் தந்தவர் மீனவர். பெயரைப் பெற்றவர் படகின் சொந்தக்காரர்.

ஹெமிங்வேயைக் குறை கூறுவது எம் நோக்கமன்று. அந்தக் கைக்கயிற்றின் மறுமுனையில் இருந்த மனிதனை அவர் கண்டார். மார்லின் ஒன்றால் நடுக்கடலுக்கு இழுபட்டு, இரண்டு நாட்களின் பின் மீட்கப்பட்ட முதிய மீனவரின் கதையை 1936இலேயே ஒரு சஞ்சிகையில் எழுதினார். சுறாக்கள் தின்று எஞ்சிய பாதிக்கும் குறைவான உடல் மட்டும் எண்ணூறு இறாத்தல் நிறையாம். 1952இல் வெளிவந்து, பின்னர் தமிழிலும் பெயர்க்கப்பட்ட ‘கடலும் கிழவனும்’ நாவலின் வித்து இதுவே. அவர் இறந்தபின் கோஹிமார் மீனவர் தம் படகுகளின் வெண்கல உறுப்புக்களை உருக்கக் கொடுத்து, அவருக்குச் சிலை எழுப்பினர். அந்த நன்றியை எளிதாக எண்ணிவிட முடியாது.

1950இல் அவர் பெயரால் தொடங்கிய தூண்டிற் போட்டியில், புரட்சியின் பின் 1960இல், பிடல் காஸ்ட்ரோ தனியாள் பரிசை வென்றார். கிண்ணத்தை வழங்கியவர் ஹெமிங்வேயே. இரண்டு ஆண்டுகளில் அமெரிக்காவின் வர்த்தகத் தடை வந்தது. புளோரிடாவிலிருந்து உல்லாசப் படகுகள் தாராளமாக வந்துபோன காலம் முடிந்தது.

1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்ததும், எண்ணெயும் உணவும் இன்றித் தவித்த நாடு சுற்றுலாவை நாட நேர்ந்தது. அக்காலத்தில், 1996இல், தென்கரைக்கு அப்பாலுள்ள ‘அரசியின் தோட்டங்கள்’ என்னும் தீவுக்கூட்டத்தைச் சூழ்ந்த கடலில் சிங்கி இறால் தவிர்ந்த வணிக மீன்பிடி தடுக்கப்பட்டது. வெளிநாட்டு நிறுவனமொன்றுடன் அரசு கூட்டுச் சேர்ந்து, சுழியோடுவோரையும், பிடித்த மீனை உயிரோடு விட்டுவிடும் தூண்டிற்காரரையும் மட்டுப்பட்ட தொகையில் அங்கே அனுமதித்தது. 2010இல் அது தேசியப் பூங்காவாயிற்று.

பலன் கண்கூடு. சுறாவும் பெரிய களவா இனங்களும் கரிபியன் கடலின் பிற பகுதிகளில் அருகிவிட, இங்கே செழித்துள்ளன. கடலைத் தனியார் சிலரின் வேட்டைக்காடாக விடாது காத்த பெருமை கியூப அரசுக்குரியது. இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஆயினும் அங்கே ஒரு வாரம் தூண்டில் இடுவதற்கு வெளிநாட்டார் செலுத்தும் தொகை, கியூபத் தொழிலாளி ஒருவரின் பல ஆண்டுச் சம்பளத்தை விஞ்சும். வழிகாட்டியாக மாறிய மீனவர் தம் கூலியைவிட, விருந்தாளி விரும்பிக் கொடுக்கும் டொலர்களையே எதிர்பார்த்திருக்க வேண்டியவராகிறார். பாட்டன் இறக்கிய கயிற்றை அவர் இன்று பிறருக்காக இறக்குகிறார். அப்பூங்காவினுள் தொழிலுக்காகச் செல்லக்கூடியவை சிங்கி இறால் பிடிக்கும் அரசாங்கப் படகுகளே. அந்த இறாலும் பெரும்பாலும் ஏற்றுமதிக்கே போகின்றது.